கையில் தங்கும் விதை

ஊர்ப் பொதுநிலத்தில் புதுத்தோட்டம் இடுவோர் முதலில் எண்ண வேண்டுவது, எது மிகுதியாகக் காய்க்கும் என்பதன்று. எதன் விதை நம் கையில் தங்கும் என்பதே. முதற்கலப்பு விதை பெருக்கமாகக் காய்க்கலாம். அதன் வித்தை எடுத்து விதைத்தாலோ தாய்ச்செடியின் இயல்பு மாறாமல் வருவதில்லை. பருவந்தோறும் வணிகனிடமே கையேந்த நேரும். நாட்டுக் கத்தரியும் அவரையும் அத்தகையன அல்ல. முற்றிய காயே மறு பருவத்திற்கு வித்து.

அயல்மண்ணில் தோன்றியது என்பதற்காக எச்செடியையும் வெறுக்க வேண்டா. 1498இல் போர்த்துக்கீசியர் இந்தியக் கரையை அடைந்த பின்னரே அமெரிக்க மிளகாய் இங்கு வந்தது. தமிழர் அதற்கு மிளகின் வழியே பெயரிட்டனர். விதையையும் தாமே காத்தனர். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

சொல்லை இழந்த இனமும் விதையை இழந்த ஊரும் இரந்தே வாழும். தோட்டத்தில் ஒரு பாத்தியை விதைக்கென்றே ஒதுக்குக!