காலின் பவல் மரணமும் ஒரு தப்புக்கணக்கும்

2021 அக்டோபர் 18. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் கொரோனா பாதிப்பால் இறந்துபோனார். வயது 84. இரண்டு டோஸ் தடுப்பூசியும் போட்டிருந்தார். போதாதா? "பார்த்தீர்களா, ஊசி போட்டும் போய்விட்டார்!" என்று அன்றைக்கே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

பவலுக்கு மல்டிபிள் மைலோமா இருந்தது. அந்தக் கூட்டம் வசதியாக மறந்த விஷயம் இதுதான். அது ஆண்டுக்கணக்கில் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ரத்தப் புற்றுநோய். (பார்கின்சன் நோய் வேறு இருந்தது.)

வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிப்பவை பிளாஸ்மா செல்கள். மைலோமா வருவதே இந்தச் செல்களில்தான். கெட்டுப்போன ஒரு செல்லின் வாரிசுகள் எலும்பு மஜ்ஜையில் பெருகி, எதற்கும் உதவாத ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். நல்ல செல்களுக்கு இடமே இருக்காது. போதாக்குறைக்கு, சிகிச்சைக்குக் கொடுக்கும் மருந்துகளும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்.

தடுப்பூசி என்பது வெறும் ஆர்டர். சரக்கைத் தயாரிக்க வேண்டியது உடம்பு. ஃபாக்டரியே படுத்துக்கிடக்கும்போது ஆர்டரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சும்மா சொல்வதல்ல இது. அதே 2021ல் இஸ்ரேலில், சிஎல்எல் என்ற இன்னொரு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் உள்ள 167 பேருக்கு ஃபைசர் ஊசி இரண்டு டோஸ் போட்டுப் பார்த்தார்கள். ஆன்டிபாடி உருவானது 39.5 சதவீதம் பேருக்குத்தான். ரிட்டுக்சிமாப் வகை மருந்தை அதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட உருவாகவில்லை. ஆனால் சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருந்தவர்களில் சுமார் 79 சதவீதம் பேருக்கு உருவானது. ஊசி அதே ஊசிதான்!

ஆக, இப்படிப்பட்ட நோயாளிக்குத் தன் கையில் போட்ட ஊசி மட்டும் போதாது. வீட்டில் இருப்பவர், மருந்துக்கடைக்காரர், பக்கத்து சீட்காரர் என்று சுற்றியிருப்பவர்கள் கிருமியைக் கொண்டுவராமல் இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. பவல் மரணத்தைக் காட்டி ஊசியைத் தவிர்க்கச் சொன்னவர்கள் இன்னொரு நோயாளியின் வீட்டு வாசலுக்கு வைரஸை அனுப்பிவைத்தார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு கோஷ்டியும் உண்டு. "வயசாச்சு, கேன்சர் வேற, போகவேண்டியவர்தானே" என்பவர்கள். இவர்கள் இன்னும் மோசம். மைலோமாவோடு பல வருடம் நடமாடி, வேலை பார்த்து வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். நோய் இருக்கிறது என்பதற்காக அவர்களை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவிட இவர்கள் யார்?

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குக் கூடுதல் டோஸ் போட அமெரிக்கா அனுமதித்தது 2021 ஆகஸ்டில். பவலும் போட்டுக்கொள்வதாகத்தான் இருந்தார். போடவேண்டிய அதே வாரத்தில் நோயில் விழுந்துவிட்டார்.