ஒன்றையாவது பிரிக்காமல் வையுங்கள்!

1940-ல் பிரிட்டனைக் காக்கச் சண்டையிட்ட ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானம் ஒன்று, ஆர் 4118, நம் நாட்டில் பல்லாண்டுகள் கிடந்தது தெரியுமா? 1947-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களின் படிப்புக்காகக் கொடுக்கப்பட்டது அது. பிறகு வெட்டவெளியில் செடி மண்டிக் கிடந்தது. 1982-ல் அதைப் பார்த்த இங்கிலாந்துக்காரர் பீட்டர் வாச்சர், விடாமல் முயன்று 2001-ல் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். 2004 டிசம்பரில் அது மீண்டும் பறந்தது!

காரணம், யாரும் அதைப் பிரித்து எடைக்குப் போடவில்லை. மெர்லின் எஞ்சின்கூட அதிலேயே இருந்தது. இத்தகைய விமானத்துக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்குமா என்ன?

கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். எங்கள் நாகர்கோவில் பக்கம் பழைய 486 மெஷின்கள் ஆக்கர் கடைக்குப் போயின. ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் உள்ள ஃபைலைப் படிக்க இன்று டிரைவ் தேடிப் பாருங்கள், அருமை புரியும்.

எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் தலைமுறைக்கு ஒரு மெஷினை கீபோர்டு, டிரைவர் டிஸ்க், மேனுவலோடு வைத்து, மாதம் ஒருமுறை இயக்கட்டும். ஹரிக்கேனை நாம் வைத்திருந்தோம்; பறக்கவிட்டது வேறொருவர். கம்ப்யூட்டரிலாவது இரண்டையும் நாமே செய்வோமே!