சட்டைப் பொத்தான் பூட்ட முடியாத கை: முண்ணாண் அழுத்தமும் தாமதமாகும் சிகிச்சையும்

சட்டைப் பொத்தானைப் பூட்டச் சிரமம். கையெழுத்து மாறிப்போகிறது. சோறு பிசையும்போது விரல்கள் இணங்குவதில்லை. நடையில் தள்ளாட்டம். இவற்றை வயதின் கணக்கிலோ, 'சீனி வருத்தத்தின்' கணக்கிலோ எழுதிவிடுவது எமது வழக்கம். ஆனால் கழுத்தில் முண்ணாண் நெரிபடும்போதும் இதே அறிகுறிகள்தான் தோன்றும்.

முண்ணாண் நெரிபடப் பொதுவான காரணம் கழுத்து எலும்புகளும் இடைவட்டுகளும் தேய்வதாகும். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. முள்ளெலும்புகளின் பின்பக்கமாக, முண்ணாணுக்கு முன்னால் ஓடும் நார்ப்பட்டை மெல்ல எலும்பாக மாறி, முண்ணாண் செல்லும் வழியை ஒடுக்கிவிடுகிறது. நீரிழிவும் உடற்பருமனும் இந்த நோயுடன் தொடர்புபட்டவை.

இந்த நோயை அதிகம் ஆராய்ந்த நாடு ஜப்பான். அங்கு 1960இல் வெளியான ஒரு பிரேத பரிசோதனை அறிக்கைக்குப் பின்னரே இதன்மீது கவனம் திரும்பியது. ஜப்பானியரில் 1.9 முதல் 4.3 வீதமானோரிடம் இந்த மாற்றம் காணப்படுகிறது. 1975இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு தனி ஆய்வுக்குழுவை அமைத்தது. 2015இல் நடைமுறைக்கு வந்த அரிய நோய்ச் சட்டத்தின் கீழ், பாதிப்புக் கூடிய நோயாளிகளின் சிகிச்சைச் செலவில் அரசும் பங்கேற்கிறது.

சத்திரசிகிச்சை முறைகளிலும் ஜப்பானின் பங்கு பெரிது. 1977இல் ஹிராபயாஷி செய்யத் தொடங்கிய முறையில், முள்ளெலும்பின் பின்வளைவைக் கதவுபோல ஒருபக்கம் திறந்து முண்ணாணுக்கு இடம் கொடுக்கிறார்கள். கழுத்து முன்னோக்கி வளைந்திருந்தாலோ, எலும்புத் திரள் பெரிதாக இருந்தாலோ இது மட்டும் போதாது. முன்பக்கமாகச் சென்று எலும்பையே அகற்றுவது நேரடி வழி. ஆனால் முண்ணாணின் உறையும் எலும்போடு ஒட்டியிருந்தால் அது கிழிந்து திரவம் கசியும் ஆபத்து உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ 5 வீதமானோருக்குத் தோள் பலவீனப்படுகிறது. பெரும்பாலானோரில் அது காலப்போக்கில் சரியாகிவிடும்.

ஸ்கேனில் எலும்பு தெரிந்த எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. தொடக்கத்தில் முண்ணாண் பாதிப்பு இல்லாதவர்களைப் பின்தொடர்ந்த ஜப்பானிய ஆய்வொன்றில், 30 ஆண்டுகளின் பின்னும் 71 வீதமானோர் பாதிப்பின்றி இருப்பார்கள் எனக் கணிக்கப்பட்டது. ஆனால் முண்ணாண் பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் சத்திரசிகிச்சையையே 2017ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. காரணம் எளிது: நெடுநாள் நெரிபட்ட முண்ணாண் முழுமையாக மீள்வதில்லை. சத்திரசிகிச்சையின் முதல் வேலை மேலும் இழக்காமல் காப்பதே.

எனவே உண்மையான பிரச்சினை சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், முண்ணாண் அழுத்தம் உள்ள 42 நோயாளிகளுக்கு நோய் கண்டறியப்படச் சராசரியாக 2.2 ஆண்டுகள் சென்றன. பலருக்கு முதலில் மணிக்கட்டு நரம்பு நெரிசல் என்றே சொல்லப்பட்டிருந்தது.

இலங்கையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் சில பெரிய வைத்தியசாலைகளிலேயே உள்ளன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்திய நிபுணர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். இவற்றை உடனடியாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் நோயாளியை நேரத்தோடு இனங்காண்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கையை 10 விநாடிகளில் எத்தனை தடவை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று பார்க்கலாம். 20 தடவைக்குக் குறைந்தால் சந்தேகிக்க இடமுண்டு. ஒரு சிறு சுத்தியலால் நரம்பின் அனிச்சைச் செயலையும் சோதிக்கலாம். இவை நோயை உறுதிசெய்யா. ஆனால் யாரை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முதலில் அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும்.

நீரிழிவு கிளினிக்குகளில் கை விறைப்பு என்று சொல்பவர்களிடம் இந்தச் சோதனைகளை வழமையாக்குவது நல்ல தொடக்கம். அதுவரை, நடை தள்ளாடுபவர்கள் கழுத்தை முறித்து 'நெட்டி' எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒடுங்கிய வழியில் உள்ள முண்ணாணுக்குச் சிறு விழுகையும்கூடக் கை, கால்களைச் செயலிழக்கச் செய்யப் போதும்.