தோழி கண்ட துப்பு: பெங்களூர்ப் புதினம் ஒன்றை முன்வைத்து ஒரு மறுப்புரை

வரலாற்றுக் குற்றப் புதினங்களில் பெண்களிடையே அமையும் நட்பைத் தம் ஆய்வுத் தலைப்பாகக் கொள்ள விரும்பிய மாணவி ஒருவரின் முன்வரைவு அண்மையில் திருப்பி அனுப்பப்பட்டது. எந்த நிறுவனம் என்பது இங்குத் தேவையில்லை. காரணங்கள் இரண்டு கூறப்பட்டன. துப்பறியும் கதைகளுக்கு இலக்கியத் தகுதி இல்லை என்பது ஒன்று. அத்தலைப்பு தமிழ் மரபோடு தொடர்பற்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரின் தனிக்கருத்தாக இருந்திருப்பின் இக்கட்டுரைக்கு வேலையில்லை. கருத்தரங்குகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய கூற்றுகள் இவை. முதற்கூற்று ஆராயப்படாமலே ஏற்கப்பட்டது, இரண்டாவது பிழையானது. பிழையானதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

அம்மாணவி முதன்மை நூலாகக் கொண்டது, ஹரிணி நாகேந்திரா ஆங்கிலத்தில் எழுதி 2022இல் வெளிவந்த ‘தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ என்னும் புதினம். ஆசிரியர் பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் சூழலியல் பேராசிரியர். அந்நகரின் ஏரிகளையும் மரங்களையும் பற்றி ஆய்வு நூல்கள் எழுதியவர். கதை 1921இல் நிகழ்கிறது. தலைமைப் பாத்திரமான காவேரி, மணமாகிப் பெங்களூருக்கு வந்த இளம்பெண். கணிதத்தில் பெருவிருப்பம் உடையவள். கணவன் ராமு பௌரிங் மருத்துவமனை மருத்துவன். செஞ்சுரி கிளப்பில் நடந்த விருந்தின்போது கொலையொன்று நிகழ, காவேரி அதனைத் துப்பறியத் தொடங்குகிறாள். அவளுக்குத் துணை நிற்பவர் பக்கத்து வீட்டு மூதாட்டி உமா ஆன்ட்டி. துப்பறிதலில் இருவருக்குமே பயிற்சி இல்லை. அவர்களிடம் இருப்பன வீடும் தெருவும் அவற்றில் புழங்கும் பேச்சும் மட்டுமே. 2023இல் வெளிவந்த அடுத்த நூலில், அதிகாரம் மிக்க மாமியாரை மகிழ்விக்கவே காவேரி சிறியதொரு குற்றத்தை ஆராய இசைகிறாள். அது கொலையில் சென்று முடிகிறது. மாமியாரின் ஏவலே வழக்கின் வாயிலாக அமையும் இவ்வமைப்பு, குடும்பக் கதைக்கும் குற்றக் கதைக்கும் இடையே நாம் எழுப்பியுள்ள சுவரை எளிதில் கடந்துவிடுகிறது.

இவ்வகைப் புதினங்களில் பெண் நட்பு கதைக்குச் சுவை கூட்டும் துணைப்பொருள் என்றே பலரும் கொள்வர். அது பொருந்தாது. அங்கே நட்பே ஆய்வுமுறை. காவல்துறை நுழைய இயலாத இடங்கள் ஒரு சமூகத்தில் உள்ளன: அடுக்களை, பிள்ளைப்பேற்று அறை, கிணற்றடி, கைம்பெண்கள் ஒதுங்கி வாழும் உள்ளறை. அங்கு வழங்கும் செய்தி ஒரு பெண்ணிடமிருந்து மற்றொரு பெண்ணுக்கு நம்பிக்கையின் பேரில் மட்டுமே செல்லும். சுஜாதா மாசி எழுதி 2018இல் வெளிவந்த, மலபார் ஹில்லைக் களமாகக் கொண்ட புதினம் இதனை வெளிப்படையாகவே காட்டுகிறது. 1921ஆம் ஆண்டு பம்பாயில், கோஷா முறையில் வாழும் மூன்று கைம்பெண்களின் சொத்துரிமை ஐயத்துக்குள்ளாகிறது. அவர்களை நேரில் கண்டு வினவ ஆண் வழக்கறிஞரால் இயலாது. பர்வீன் மிஸ்திரி என்னும் பார்சிப் பெண் வழக்கறிஞரால் இயலுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உடன் பயின்ற ஆலிஸ் என்னும் ஆங்கிலத் தோழி அவளுக்கு உண்டு. ஆளும் இனத்தவளுக்கும் ஆளப்படுபவளுக்கும் இடையிலான நட்பு எவ்வளவு தாங்கும் என்னும் வினா அக்கதையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இதில் தமிழ் எங்கே என்பார்க்குத் தொல்காப்பியக் களவியலையே விடையாகத் தரலாம். தலைவியின் களவொழுக்கத்தைத் தோழி எவ்வாறு அறிகிறாள் என்பதற்கு அந்நூல் எழுவகைக் குறிகளைத் தொகுத்துரைக்கிறது. மேனியில் புதிதாய்த் தோன்றிய மணம், தோற்றத்தின் வேறுபாடு, நடத்தையில் மாற்றம், உணவில் குறைவு, செய்வதை மறைத்தல், தனித்துச் செல்லுதல், ஓரிடத்தையே நாடிப் பயிலுதல் என்பன அவை. இவற்றைக் கண்டவுடன் தோழி முடிவுக்கு வந்துவிடுவதில்லை. மெய்யும் பொய்யும் கலந்து, இருபொருள்படும் சொற்களால் தலைவியை ஆராய்கிறாள். மான் ஒன்று தப்பி வந்ததா, யானை இவ்வழிச் சென்றதா, உங்கள் ஊர் எது என்று தலைவன் வந்து வினவும்போது, அவ்வினாக்களின் பொய்ம்மையை அவன் பார்வை செல்லும் திசையிலிருந்து உணர்கிறாள். இதன் பின்னரே இருவர் உள்ளமும் ஒன்று என்னும் துணிவு பிறக்கிறது. மதியுடம்படுதல் என்று இலக்கணம் பெயரிட்ட இந்நிகழ்ச்சி, குறி கண்டு, ஐயுற்று, வினவி, பொருத்திப் பார்த்துத் துணியும் அறிவுச்செயல். துப்பறிதல் என்று நாம் இன்று வழங்குவது இதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

தோழியைத் தூது செல்பவளாகவும் குறைநயப்பவளாகவும் மட்டுமே பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அவள் அறிபவள் என்பது உரையாசிரியர்களுக்குத் தெரிந்திருந்தது, நமக்கு மறந்துவிட்டது.

வெறியாட்டுத் துறையை இவ்வகையில் மீண்டும் படித்துப் பார்க்கலாம். மகளின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுக் குறிபார்த்து, இது முருகனால் வந்தது என்கிறான். ஊர் ஏற்றுக்கொண்ட அதிகாரமுடைய ஆய்வாளன் அவன். ஆனால் தவறான முடிவையே கூறுகிறான். உண்மை அறிந்தவள் அருகிலேயே நிற்கும் தோழி. எப்போது, யாரிடம், எந்த அளவு கூறுவது என்று அளந்து, செவிலிக்கு அவள் உண்மையை வெளிப்படுத்துவதே அறத்தொடு நிற்றல். அதிகாரம் பெற்ற ஆய்வாளன் பிழைபட, அதிகாரமற்ற பெண் உண்மையை அறிந்திருக்கும் இக்கட்டமைப்பின் மீதுதான் மேற்கூறிய புதினங்களும் நிற்கின்றன. ஹரிணி நாகேந்திரா தொல்காப்பியத்திலிருந்து இதனை எடுத்தார் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது நம்மவர்க்கு வழக்கமான மற்றொரு நோய். பெண்கள் அறியும் முறை ஒன்றைத் தமிழ் இலக்கணம் கண்டு பெயரிட்டிருக்க, அதே முறை வேறொரு மொழிப் புதினத்தில் இயங்கும்போது தமிழாய்வாளர் அதனைத் தமக்கு அயலானது என்று தள்ளுவது ஏன் என்பதே என் வினா.

அகத்தில் குற்றம் இல்லையே, களவு என்பது திருட்டு அன்றே என மறுப்பர். உண்மை, இறையனார் களவியல் உரையே இவ்வையத்தை எழுப்பி விடையளிக்கிறது. நஞ்சுண்டு இறக்கத் துணிந்த பெண்ணொருத்தி கூட்டி வைத்த நஞ்சை, அருளுடையான் ஒருவன் அவளறியாமல் எடுத்துக் கொட்டிவிடுவதை எடுத்துக்காட்டி, களவு என்னும் பெயர் பெற்றவை யாவும் தீயன அல்ல என்று உரைகாரர் நிறுவுகிறார். மறைந்த செயல், அதன் நோக்கம், அதற்குரிய பழி ஆகியவற்றைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எண்ணிய மரபுக்குக் குற்றப் புதினம் தீண்டத்தகாததாய் ஆனது எப்போது?

முதற்கூற்றுக்கு வருவோம். தமிழில் துப்பறியும் புதினம் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. ஆரணி குப்புசாமி முதலியார், துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர். ரங்கராஜு, திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். இதனை வணிக எழுத்து என்று ஒதுக்கிவிட்டதால், அதன் உள்ளமைப்பிலுள்ள குறையையும் நாம் காணத் தவறினோம். பிற்காலத்து இணைகளை எண்ணிப் பாருங்கள். சுஜாதாவிடம் கணேஷும் வசந்தும்; ராஜேஷ்குமாரிடம் விவேக்கும் ரூபலாவும்; பட்டுக்கோட்டை பிரபாகரிடம் பரத்தும் சுசீலாவும்; சுபாவிடம் நரேந்திரனும் வைஜயந்தியும். ஆணும் ஆணும் உண்டு. ஆணும் பெண்ணும் உண்டு. பெண்ணும் பெண்ணுமாய் இணைந்து துப்பறியும் இணை இவ்வரிசையில் ஒன்றேனும் இல்லை. தோழியைக் கூரறிவின் உருவாகப் படைத்த மொழியில் இவ்விடம் வெற்றாகக் கிடப்பது ஆராயத்தக்க பொருள் அன்றோ? தகுதியில்லை என்று கதவை அடைப்பவர்க்கு வெற்றிடம் கண்ணில் படாது.

தகுதியுடையது என்று நாம் ஏற்றுக்கொண்ட நூலில் நிலை மேலும் வியப்பானது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தமிழின் மிகப் பெரிய வரலாற்றுக் குற்றப் புதினம். இவ்வாறு அதனை அழைக்க நாம் கூசுகிறோம், அவ்வளவே. ஆதித்த கரிகாலன் கொலை அதன் நடுப்பொருள். கொலையில் தொடர்புடையோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது. கொலைக்குப் பின்னின்றவர் யார் என்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி முதலாக வரலாற்றறிஞர் பலர் வாதிட்டுள்ளனர். அவ்வாதங்கள் துப்பறிதல் அன்றி வேறென்ன? அப்புதினத்தில் சதியை மோப்பம் பிடிக்கும் கூரறிவு குந்தவையிடம் உள்ளது. உயிர்த்தோழியாக வானதி உடனிருக்கிறாள். ஆயினும் வானதிக்குக் கல்கி அளித்த முதன்மை வேலை மயங்கி விழுதல். சுரங்க வழிகளில் நுழைந்து செய்தி சேர்க்கும் பணி வந்தியத்தேவனுக்குச் செல்கிறது. தோழியருள் ஒருத்தி அறிவாகவும் மற்றொருத்தி அழகாகவும் பிரிக்கப்பட, நட்பு ஆய்வுமுறையாகும் வாய்ப்பு நழுவுகிறது. கல்கியின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் காவேரியையும் உமா ஆன்ட்டியையும் படித்த பின் பழையாறை அரண்மனைக் காட்சிகளை முன்போல் படிக்க என்னால் இயலவில்லை.

1921இல் ஓர் இளம் மனைவி கொலை வழக்கைத் துருவிச் செல்வது காலமுரண் என்னும் மறுப்பும் உண்டு. இதற்குக் கற்பனையால் அன்றி வரலாற்றால் விடை கூறலாம். கொர்னேலியா சொராப்ஜி 1890களின் தொடக்கத்திலேயே ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்றார். 1904 முதல் கோஷாப் பெண்களின் சொத்துகள் குறித்து அரசுக்குச் சட்ட ஆலோசகராகப் பணியாற்றினார். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். இவற்றினும் நெருக்கமான சான்று வை.மு. கோதைநாயகி அம்மாள். எழுதும் பயிற்சி இல்லாத நிலையில் அவர் ‘இந்திரமோகனா’ என்னும் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் அதனை எழுத்தில் வடித்தார். வடுவூரார் நடத்தி நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழைக் கோதைநாயகி 1925இல் ஏற்று நடத்தினார். துப்பறியும் புதின ஆசிரியரின் கையிலிருந்து இதழொன்று பெண்ணொருத்தியின் கைக்கு வந்ததும், அப்பெண்ணின் முதற்படைப்பைத் தோழியொருத்தி எழுத்தாக்கியதும் நம் இலக்கிய வரலாற்றில் நிகழ்ந்தவை. கோதைநாயகி 115 புதினங்கள் எழுதியவர் என்னும் எண்ணிக்கையை நம் மாணவர் ஒப்பிப்பர். பட்டம்மாள் யார் என்று கேட்டால் விழிப்பர்.

பெங்களூரு வாழ் தமிழாசிரியன் என்ற முறையில் மேலும் ஒன்று கூற வேண்டும். கதை நிகழும் 1921இல் இந்நகர் ஒன்றன்று, இரண்டு. பழைய நகரம் மைசூர் மன்னராட்சியின்கீழ் இருந்தது. 1809இல் நிறுவப்பட்ட தண்டு எனப்படும் கன்டோன்மென்ட், 1881 முதல் 1947 வரை ஆங்கிலேயரின் தனி நிர்வாகத்தில் இயங்கியது. நடுவில் கப்பன் பூங்கா. கணவன் பணிபுரியும் மருத்துவமனை தண்டில் உள்ளது. தண்டிலும் அல்சூரிலும், 1898இல் பரவிய பிளேக்குக்குப் பின் உருவான பிரேசர் டவுனிலும் தமிழ்க் குடிகள் பெருந்தொகையினர். துரைமார் வீடுகளில் ஆயாக்களாகவும், கட்டுமானப் பணிகளில் சிற்றாள்களாகவும் உழைத்த தமிழ்ப் பெண்கள் அவர்களுள் அடங்குவர். ஒரு வீட்டின் மறைபொருளை அவ்வீட்டு ஆயாவைவிட நன்கறிந்தவர் யார்? தோழி செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அதாவது தலைவியின் நெருங்கிய நட்பு, பணிபுரியும் குடியிலிருந்தே வருகிறது. இச்சமமின்மையை மறைக்காமல் எழுதினால் காவேரியின் கதையை விடக் கூர்மையான கதை தமிழில் பிறக்கும். ஹரிணி நாகேந்திராவின் நூலில் எனக்குள்ள குறையும் இதுதான். காவேரிக்கு வாய்த்த இசைவான கணவனும், கனிவுள்ள காவல் ஆய்வாளரும் அவள் வழியைச் சற்று மிகையாகவே எளிதாக்கிவிடுகின்றனர். ஆயாவுக்கு அத்தகைய துணை எவரும் இரார்.

அந்த ஆயாக்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் இன்று இந்நகரின் கல்லூரிகளில் பயில்கின்றனர். பாட்டி பணிபுரிந்த பங்களாவில் ஒரு துரைசானி இறந்தபோது, தெருவார் பேசிக்கொண்டது ஒன்றும் காவலர் எழுதிச் சென்றது வேறொன்றுமாக இருந்ததை ஒரு மாணவி என் வகுப்பில் சொன்னாள். இதனைப் பாட்டியின் தோழிதான் முதலில் கண்டுபிடித்தாள் என்றும் சொன்னாள். எழுதி வா என்றேன். தமிழ்த் துறையில் இதற்கு இடம் உண்டா ஐயா என்று கேட்டாள். அவள்தான் முன்வரைவு திருப்பி அனுப்பப்பட்ட மாணவி.