வாகனம் இல்லாதவளுக்கும் வழி உண்டு



"வீட்டில ஒரு வாகனமும் இல்ல, நான் எங்க போறது?" எங்கள் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இந்தச் சொல் காதில் விழுகிறது. கணவர் இருந்த காலத்தில் அவருடைய சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ பின்னால் இருந்து போய் வந்தவர்கள், அவர் இல்லாமற்போன பின் வீட்டுக்கும் கடைக்கும் இடையில் ஒடுங்கி விடுகிறார்கள். வைத்தியசாலைக்கோ பிரதேச செயலகத்துக்கோ போவதென்றால் அண்ணன் தம்பியிடம் கேட்க வேண்டும். அவர்களுக்கு நேரமில்லாவிட்டால் ஆட்டோவுக்குக் காசு எண்ண வேண்டும். காசும் இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை. போக முடியாததால் கைவிட்டுப்போன கிளினிக் திகதிகள் எத்தனை, கிடைக்காமற்போன உதவிகள் எத்தனை என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

எங்கள் ஊரின் அமைப்பும் அப்படித்தான். கொட்டியாரக் குடா நிலத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. கடற்கரையில் நின்றால் மூதூர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தரைவழியாகப் போவதென்றால் கிண்ணியாவால் சுற்றிப் போக வேண்டும். முன்பு கிண்ணியாவில் தோணிப் பாதையில் காத்திருந்தோம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பாலமும் நல்ல வீதிகளும் வந்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் வீதி நன்றானபோது அதனால் முதலில் நன்மை பெற்றவர்கள் வாகனம் வைத்திருந்தவர்கள். வாகனம் இல்லாதவள் முன்பு நின்ற இடத்திலேதான் பஸ்சுக்கு நின்றாள்.

வாகனத்தை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதை 2022 ஆம் ஆண்டு எல்லோருக்கும் காட்டியது. பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை. பிறகு கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். சீனக்குடாப் பக்கத்தில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் மாவட்டத்தில்தான் நாமும் வரிசையில் நின்றோம்!

இவ்வளவுக்கும் எங்களிடம் ஒரு ரயில் பாதை இருக்கிறது. 1927 இல் இருந்தே இருக்கிறது. திருகோணமலையில் தொடங்கி சீனக்குடா, தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாய், அக்போபுர வழியாகக் கல் ஓயாச் சந்தி வரை போய் மட்டக்களப்புப் பாதையோடு சேர்கிறது. போர்க் காலத்தில் இதில் ரயில் ஓடிய நாட்களும் உண்டு, ஓடாத நாட்களும் உண்டு. அதனாலோ என்னவோ, "கோச்சி என்றால் கொழும்புக்குப் போறவைக்கு" என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. இரவில் புறப்பட்டு விடியக் கொழும்பு போய்ச் சேரும் தபால் ரயிலை மட்டுந்தான் பலருக்குத் தெரியும். தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் கூட அதில் போகலாம் என்பது நினைவில் வருவதில்லை.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஐந்து பெண்கள் இதைச் செய்து பார்த்தோம். காலை ரயிலில் கந்தளாய்க்குப் போய், வேலையை முடித்துக்கொண்டு பஸ்சில் திரும்பினோம். எங்களோடு வந்த ஓர் அக்கா மூதூர்ப் பக்கம். 2006 இல் இடம்பெயர்ந்த பின் அவர் தனியாக எந்த ஊருக்கும் போனதில்லை. பிரயாணச்சீட்டு எடுக்கும் யன்னலுக்கு முன்னால் அவருடைய கை நடுங்கியது. "அடையாள அட்டை காட்டோணுமா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம், ஊரின் பெயரைச் சொன்னால் போதும் என்றோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய பழக்கம் உடம்பை விட்டுப் போக எத்தனை காலம் எடுக்கிறது பாருங்கள்.

ரயில் மெதுவாகத்தான் போனது. சீனக்குடா தாண்டி, தம்பலகாமத்து வயல்கள் வந்தபோது அந்த அக்கா யன்னலோரம் வந்து இருந்தார். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள். "இவ்வளவு காலமும் இந்த ஊரை நான் பஸ்சில நெருக்குப்பட்டுத்தான் பார்த்தன்" என்றார். காலை நீட்டி இருக்க இடம் இருந்தது. பிள்ளையைக் கூட்டி வந்தவர் பிள்ளையை ஆசனத்தில் படுக்க வைத்தார். மூன்றாம் வகுப்புச் சீட்டு பஸ் கட்டணத்தை விடக் குறைவு. திரும்பி வரும்போது அக்காவே முன்னால் போய்ப் பஸ்சை விசாரித்தார். எனக்கு அன்று கிடைத்த சந்தோசம் அதுதான்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. கார் இல்லாமல் வாழ முடியாத நகரம் என்று உலகத்திலேயே பெயர் எடுத்தது அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ். ஆனால் அங்கும் ஒரு காலத்தில் நகரத்தைச் சுற்றி மின்சார ரயில்கள் ஓடின. கார்களும் பெருவீதிகளும் பெருகப் பெருக அவை ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. எங்களைப் போலவே துறைமுக ஊரான லோங் பீச்சுக்குப் போன பாதைதான் அந்தக் கம்பனியின் கடைசி ரயில் பாதை. அதுவும் 1961 இல் நின்றது. 29 வருடங்களுக்குப் பின், 1990 இல், அதே வழியாகப் புதிய ரயில் விட்டார்கள். இன்று அந்தப் பாதை பொமோனா என்ற ஊர் வரை ஏறக்குறைய 92 கிலோ மீற்றர் நீண்டிருக்கிறது. 2025 செப்டெம்பரில் அந்தக் கடைசிப் பகுதி திறக்கப்பட்டது. எங்கள் கணக்கில் சொன்னால், திருகோணமலையிலிருந்து ஹபரணை வரை போகும் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இன்று அந்த நகரத்தில் கார் இல்லாமலே பல இடங்களைச் சுற்றிப் பார்க்கலாம்.

அங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. ரயிலுக்குப் பெரிய பணம் செலவழித்துக்கொண்டு பஸ்சைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று பஸ்சில் போகும் ஏழை மக்கள் ஒன்றுசேர்ந்தார்கள். வீட்டு வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகும் பெண்கள் பலர் அந்தப் பஸ்களில்தான் போய் வந்தார்கள். அவர்கள் 1994 இல் வழக்குப் போட்டார்கள். 1996 இல் இணக்கத் தீர்வு வந்தது. பஸ்களைக் கூட்டவும் நெரிசலைக் குறைக்கவும் அதிகார சபை ஒத்துக்கொண்டது. வாகனம் இல்லாதவர்கள் சேர்ந்து கேட்டபடியால் கிடைத்தது அது.

எங்கள் ரயிலும் எல்லாவற்றையும் தீர்க்காது. மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும் வெருகலுக்கும் ரயில் பாதையே இல்லை. பாதை இருக்கும் ஊர்களிலும் நாளுக்குச் சில ரயில்கள்தான். நிலையத்தில் இறங்கிய பின் அங்கிருந்து போக ஒரு பஸ் இல்லாவிட்டால், மிச்சம் பிடித்த காசை ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே ரயில் வரும் நேரத்துக்குப் பஸ் வேண்டும், வெளிச்சமுள்ள நிலையம் வேண்டும், பூட்டாத மலசலகூடம் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் இதை ஒரு கோரிக்கையாக எழுதுங்கள். இருக்கிற ரயிலில் நாம் ஏறாவிட்டால், "ஆட்கள் இல்லை" என்று சொல்லி அதையும் குறைப்பது சுலபம்.

பயத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் நடத்திய ஆய்வில், பஸ்சிலும் ரயிலிலும் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 15 முதல் 35 வயதுப் பெண்களில் 90 வீதமானோர் சொன்னார்கள். பொலிஸில் முறையிட்டவர்கள் 4 வீதம் மட்டுமே. வெட்கப்பட வேண்டியவள் நீங்கள் அல்ல. சத்தமாகச் சொல்லுங்கள், ரயில் காப்பாளரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

நேர அட்டவணை மாறும். 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டின் பல ரயில் பாதைகளைச் சேதப்படுத்தியது. ஆகவே போகும் முன் நிலையத்தில் கேளுங்கள், அல்லது 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்துக்கு எடுத்துத் தமிழில் விசாரியுங்கள்.

தனியாகப் பயமென்றால் முதல் பயணத்தை இரண்டு மூன்று பேராகப் போங்கள். பகலில் போங்கள், கிட்டிய ஊருக்குப் போங்கள்.

பிள்ளைகளுக்கு அரைச்சீட்டு உண்டு. சீட்டைப் பயணம் முடியும்வரை கவனமாக வைத்திருங்கள்.

திரும்பி வரும் வழியைப் போகும் முன்பே விசாரித்து வையுங்கள். ரயில் இல்லாவிட்டால் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் கொழும்பு கோட்டையில் இறங்கி 138 ஆம் இலக்க பஸ்சில் போகலாம். களனிவெளிப் பாதை ரயிலும் மகரகமவில் நிற்கும். கோட்டையிலிருந்து ஆட்டோ பிடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை.

சகோதரிகளே, ஒருவரிடம் கேட்டுப் போவது வேறு, நாமாகப் புறப்பட்டுப் போவது வேறு. ஒரு சீட்டுக் காசில் அந்த வேறுபாட்டை உணரலாம். இந்த மாதம் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டில் வெளியே போகாமல் இருக்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஊருக்குப் போனீர்கள், எங்கே கஷ்டப்பட்டீர்கள், என்ன வசதி வேண்டும் என்று எங்களுக்கு எழுதுங்கள். பலருடைய கடிதம் சேர்ந்தால் அதை ஒரு கோரிக்கையாக்கலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.