பொது யாருக்குப் பொது?

சிதம்பரத்துக்குப் 'பொது' என்றே ஒரு பேர் இருப்பது நம்மில் எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? பொது, மன்று, அம்பலம் மூன்றும் பழந்தமிழில் ஊரார் கூடுகிற இடத்துக்கான சொற்கள். பேச, வழக்குத் தீர்க்க, ஆட. அங்கே சாமி ஆட வந்த பிறகு அம்பலம் பொன்னம்பலமாச்சு. வடமொழிச் சபையும் வந்தது: சிற்சபை, கனகசபை. வெளியாக இருந்ததுக்குப் படி, வாசல், காவல். 'விஷயம் அம்பலமாச்சு'ன்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னுதான் நம்ம சனங்க இன்னிக்கும் சொல்றாங்க. ஆனா அந்த அம்பலத்தில் ஏற நந்தனைத் தீயில் இறக்கினார்கள். 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறப்போன தலித் பெண்ணைத் தடுத்தார்கள்; வன்கொடுமை வழக்குப் பதிவானது. மே மாதம் எல்லாரும் ஏறலாம் என்று அரசாணை. அடுத்த வருஷமே ஆனித் திருமஞ்சனத்துக்கு, நாலு நாள் ஏறக்கூடாதுன்னு பலகை!

வள்ளலார் இதிலிருந்து விலகித்தான் 1872இல் வடலூரில் ஞானசபை கண்டார். சாதியைச் சாடியவர், மதிக்கிறேன். ஆனால் அந்தச் சபைக்குள்ளும் புலை, கொலை தவிர்த்தவருக்கே இடம். புலைன்னா புலால் என்கிறார்கள். நந்தன் பிறந்த ஆதனூர்ச் சேரியைச் சேக்கிழார் புலைப்பாடி என்கிறாரே, அது எந்தப் புலை? மாட்டுக்கறி தின்கிற நாம் அந்த வாசலில் நின்று கேட்க வேண்டிய கேள்வி இது.

சரி, சாமி இல்லாத மன்றத்துக்கு வருவோம். 'ஊராட்சி மன்றம்' என்று அரசாங்கம் பேர் வைத்தது. 2020இல் இதே கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் மன்றத்தின் தலைவர் தரையில், மற்றவர்கள் நாற்காலியில். படம் வெளியே வந்த பிறகுதான் நடவடிக்கை. தலைவர் தலித் பெண். அந்தப் பழைய மன்று இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.

எல்லாத்தையும்விட மோசமான சொல் 'ஊர்ப்பொது'. ஊர்ப்பொதுக் குளம், ஊர்ப்பொது இடம்னு சொல்லும்போது நமக்கும் சேர்த்துன்னு படிச்ச பிள்ளைகள் நினைச்சுக்குதுங்க. ஊருன்னாலே காலனி நீங்கலாகத்தானே! 'பொது'வுக்கு முன்னால் 'ஊர்' ஒட்டியதும் நாம் வெளியே. பத்திரத்திலும் ஏலத்திலும் இந்தச் சொல்லைக் கண்டால் மாணவத் தோழர்கள் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபை கூடும் நாட்கள். போய் நில்லுங்கள். எந்தத் தெருவில் கூட்டினார்கள், காலனிக்குத் தண்டோரா வந்ததா, யார் நாற்காலியில், யார் தரையில் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் ஊர்ப் பேரோடு போடுகிறோம்.