வெள்ளையாய் விட்ட இடம்

திருச்சியில் ஓர் ஓவியக் கண்காட்சி. என் சின்னம்மாவையும் கூட்டிப் போனேன். ஸ்ரீரங்கத்து வீதிகளில் இருபத்தாறு வருஷம் துடைப்பம் பிடித்தவர். ‘நீ கூட்டுன தெருவ வரஞ்சி மாட்டியிருக்காங்க, வா சின்னம்மா’ன்னு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

படம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். கையால் செய்த தடித்த காகிதம், ஓரம் பிசிறு பிசிறாய். அதில் கறுப்பு மையும் தண்ணீர் கலந்த சாம்பல் நிறமும் மட்டும். தூரத்தில் ராஜகோபுரம் பனியில் கரைகிறது. திண்ணை, கோலம், சைக்கிளில் பால்காரர், பூக்கூடைக்காரி, ஒரு மாடு. கீழே ‘விடியல், சித்திரை வீதி’ என்று பெயர். விலை பதினெட்டாயிரம்.

சின்னம்மா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஓவியரிடமே கேட்டார்.

“இது எத்தன மணிக்கு சாமி?”

“அஞ்சரை இருக்கும்மா.”

“அஞ்சரைக்கு நான் இந்த மூலையிலதான நிப்பேன். என்னைக் காணோமே?”

அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. “அந்த இடம் நான் எதுவுமே வரையலம்மா. பேப்பரோட வெள்ளை அது. தொடாம விட்டாத்தான் தெரு சுத்தமா தெரியும்.”

அவர் பேர் இங்கே வேண்டாம். ஒருத்தர் விவகாரம் இல்லை இது. மை ஓவியத்தில் வெள்ளை என்று ஒரு வண்ணம் கிடையாது, காகிதத்தைத் தொடாமல் விடுவதுதான் வெள்ளை. தொழில்நுட்பம் என்ற அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் சித்திரை வீதி அப்படிச் சுத்தமாவதில்லை தோழர்களே! அதை ஒரு கை தொட்டாக வேண்டும், தினமும், இருட்டோடு இருட்டாக. தொட்ட கையை அழித்துவிட்டு, தொடாததால் வந்த சுத்தம் என்று காட்டுகிற இந்த அழகியல் யாருடையது? தொடாமையைச் சுத்தம் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் யாரென்று நமக்கா தெரியாது?

அந்தக் காகிதத்தின் கதையைக் கேளுங்கள். ஹேண்ட்மேட் பேப்பர் என்றால் ஏதோ ஆசிரமத்துப் புனிதப் பொருள் மாதிரி பேசுகிறார்கள். அது கந்தல். பருத்திக் கந்தல், பனியன் கம்பெனியில் வெட்டிப் போட்ட மிச்சம். அதை ரகம் பிரித்து, பொத்தானும் தையலும் அறுத்து, துண்டு துண்டாக நறுக்கி, தண்ணீரில் அடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளிக் கவிழ்த்து, பிழிந்து காயவைத்தால் காகிதம். கந்தல் பொறுக்கியவள், பிரித்தவள், நறுக்கியவள் யாரென்று எந்த அட்டவணையிலும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. மை ஊறிப் பரவாமல் நிற்க, நல்ல நீர்வண்ணக் காகிதங்கள் பலவற்றுக்கு ஜெலட்டின் பூசுவார்கள். ஜெலட்டின் என்ன? மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. தோல் உரித்தவனை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, அந்தப் பசை மேலேயே அக்கிரகாரத்தை வரைந்து சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்!

வரைந்தவர்கள் நம்மைச் சேர்த்தே கொண்டதில்லையா என்று கேட்பீர்கள். சேர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே திருச்சியில் மைக்கா தகட்டில் படம் எழுதும் ஓவியர்கள் இருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் ஊருக்குப் போகும்போது வாங்கிப் போவார்கள். ஒரு சாதிக்கு ஒரு தகடு. ஆணும் பெண்ணும், கையில் தொழில் கருவி, பின்னால் வெறும் வெளி. 1837இல் மதுரையில் தயாரான ஒரு தொகுப்பு இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எழுபத்திரண்டு படம், பேரே ‘இந்தியச் சாதிகளின் 72 மாதிரிகள்’. மாதிரியாம், பூச்சியைக் குத்தி வைக்கிற மாதிரி. அந்தக் காலத்து மைக்கா படங்களில் ஒரு விளையாட்டும் உண்டு: அட்டையில் ஒரே ஒரு தலை, மேலே வைக்கிற தகடுகளில் வேறு வேறு உடுப்பு. தகட்டை மாற்றினால் ஆளே மாறிவிடுவான், தலை அதேதான்! விற்றவனுக்கும் வாங்கினவனுக்கும் இது உறைத்ததா என்னமோ.

அன்றைக்கு நம்மைத் தெருவிலிருந்து பிடுங்கித் தனியே நிறுத்தினார்கள். இன்றைக்குத் தெருவை மட்டும் வைத்துக்கொண்டு நம்மை எடுத்துவிட்டார்கள்.

தெரு நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. பொதுத் தெரு, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924 ஆகஸ்டில். நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்தது. அதே வருஷம்தான் வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவுக்காகப் போராட்டம் தொடங்கியது.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் உடனே திருப்பாணாழ்வாரை எடுத்து நீட்டுவார்கள். உறையூர்ப் பாணர். அரங்கத்து மண்ணை மிதிக்கக்கூடாதென்று காவிரித் தென்கரையிலேயே நின்று பாடினவர். லோகசாரங்கர் கல்லால் அடித்தார், அப்புறம் பெருமாள் கட்டளைப்படி தோளில் சுமந்து கொண்டுபோனார், பாணர் பெருமாளோடு கலந்துவிட்டார். நல்ல கதை. நான் கேட்பது ஒன்றுதான். கரையில் நின்றார், தோளில் போனார், கருவறையில் மறைந்தார். தெருவில் அவர் கால் எங்கே பட்டது? அவரை ஆழ்வாராக்கிய கதையில்கூட அவர் அந்த வீதியில் ஒரு அடி நடக்கவில்லையே!

‘கலையில் அரசியலைத் திணிக்காதே’ என்பார்கள். 1943இல் வங்காளப் பஞ்சத்தின்போது ஜைனுல் ஆபிதீன் கல்கத்தா தெருக்களில் செத்துக்கொண்டிருந்த ஜனங்களை மையில் வரைந்தார். கரி சுட்டுத் தானே மை செய்தார். காகிதம், சாமான் கட்டுகிற மலிவுத் தாள். சித்தப்பிரசாத் மிதுனாப்பூர் ஜில்லாவில் நடந்து நடந்து வரைந்து போட்ட புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. மை, காகிதம், தெரு, இந்த மூன்றுதான் அவர்களிடமும் இருந்தது. ஆளை விட்டுவிட்டு வரையவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவற்றை ஓவியமில்லை என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.

சின்னம்மாவையே ஒரு ஓரமாக வரைந்து சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. குனிந்த முதுகும் துடைப்பமும் இன்னொரு மைக்கா தகடாகிவிடும், அதுவும் பதினெட்டாயிரத்துக்குப் போகும். வெளியே வந்ததும் அவர் சொன்னதைக் கேளுங்கள்: “என்னை வரையலன்னு எனக்கென்னடா வருத்தம். அந்த மூலையில ஒரு சாக்கடை உண்டு, அடச்சிக்கிட்டே கெடக்கும். அதை வரஞ்சானா பாரு.” அவர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சாக்கடைதான். எங்கே அடைக்கும், எந்த வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், எந்த வீட்டில் மேலேயிருந்து ஊற்றுவார்கள், இந்த வரைபடம் முழுசும் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரு கோடுகூடக் காகிதத்தில் இல்லை.

ஓவியக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளே, அடுத்த இதழுக்குப் படங்கள் அனுப்புங்கள். உங்கள் அம்மா, சின்னம்மாவிடம் உட்கார்ந்து அவர்கள் தெருவை அவர்கள் சொல்லச் சொல்ல வரையுங்கள். கரியோ, பேனாவோ, எதுவோ. ஹேண்ட்மேட் பேப்பர் வேண்டாம், சிமெண்டு மூட்டைக் காகிதம் போதும். மடித்துத் தபாலில் போட்டால் வந்து சேரும்.